யுபிஐ செயலிகளை முதியவர்களிடம் சோதிக்க வழிகாட்டுங்கள்

வணக்கம் நண்பர்களே. யுபிஐ செயலிகளின் தமிழ்த் திரைகள் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு எவ்வளவு எளிதாக இருக்கின்றன என்பதை முதுகலை ஆய்வுக்காக மதிப்பிட்டு வருகிறேன்.

ஒரு செயலி பயன்படுத்த எவ்வளவு எளிது என்பதை அளக்க ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய எஸ்.யு.எஸ். (System Usability Scale) வினாப்பட்டியலைத்தான் பயன்படுத்துகிறேன். மொத்தம் 10 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். அவற்றில் பாதி எதிர்மறைக் கூற்றுகள் என்பதுதான் சிக்கல். 'தேவையில்லாமல் குழப்புகிறது' என்ற கூற்றை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று கேட்டால், பெரியவர்கள் மரியாதைக்காக 'சரி' என்றுவிடுகிறார்கள். செயலி பிடித்திருந்தாலும் மதிப்பெண் சரிந்துவிடுகிறது. கூற்றுகள் எல்லாவற்றையும் நேர்மறையாக மாற்றித் தமிழில் கேட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எழுத்தறிவு குறைந்தவர்களிடம் வாய்மொழியாகக் கேட்டவர்கள் இருந்தால் இன்னும் நல்லது.

இன்னொரு கேள்வி. பின் எண் கேட்கும் திரையில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பணம் அனுப்பத்தான் பின் எண் தேவை, பெறுவதற்குத் தேவையில்லை என்பது பலருக்குத் தெரியவில்லை. மோசடிக்காரர்களுக்கு இதுவே வாசல் என்பதால் இந்த இடத்தை விட்டுவிட எனக்கு மனமில்லை. ஆனால் ஒருவருடைய உண்மையான கணக்கில் சோதனை நடத்துவது முறையல்ல. மாதிரித் திரைகளை உருவாக்கிச் சோதித்தவர்கள், எந்தக் கருவியில் செய்தீர்கள், ஒப்புதலை எப்படிப் பெற்றீர்கள் என்று சொல்லுங்கள். தமிழாக்கிய வினாப்பட்டியல் கைவசம் இருந்தால் இங்கேயே பகிருங்கள்.