பழைய பத்திரிகைக் கட்டுகளை ஸ்கான் பண்ண உதவி வேணும்

ஆரிட்டையாவது தைச்ச பத்திரிகைக் கட்டை முழுசா விரிக்காமல் மேலிருந்து படமெடுக்கிற ஸ்கானர் இருக்கோ? 400 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 400 புள்ளி) குறையாமல் வேணும், இல்லாட்டி விளம்பரங்களின்ர பொடி எழுத்துத் தெளியாது. வேலை யாழ்ப்பாணத்திலேயே நடக்கவேணும். தட்டை ஸ்கானரில கவிழ்த்து அமத்தினால் முதுகுத் தையல் பிரிஞ்சுபோகும்.

1841இல உதயதாரகைப் பத்திரிகை தொடங்கின காலத்துத் தாள் பெரும்பாலும் கந்தல் துணிக்கூழ், மடிச்சாலும் தாங்கும். கரைச்சல் தாறது பிந்தி வந்த மரக்கூழ்த் தாள்தான். மரநாரைப் பிணைக்கிற லிக்னினும் அமிலமும் மஞ்சளாக்கி, தொட்டால் அப்பளம் மாதிரி நொருங்குது. போதாக்குறைக்கு ஆரோ செலோடேப் வேற ஒட்டியிருக்கினம்! அந்தப் பசை தாளுக்குள்ள ஊறிப் பழுப்பாக்கிப்போட்டுது.

கிழிசல் ஒட்ட யப்பான் மெல்லிழைத்தாள் கொழும்பில எங்க வாங்கலாம்? கோதுமை மாப்பசையை நாங்களே காய்ச்சுவம்.