29 வயதில் எல்டிஎல் 172, சாப்பாட்டை மாற்றினால் இறங்குமா?

இரவுப்பணி29:
வணக்கம் நண்பர்களே. வேலையிடத்தில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். எனக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 248, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 38, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு) 190, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 172. உயரத்துக்கேற்ற எடைதான், தொப்பை கிடையாது, சிகரெட் தொட்டதில்லை. அதனால் ரிப்போர்ட்டில் இருப்பது என் பெயர்தானா என்று இரண்டு முறை பார்த்தேன். "மூன்று மாதம் சாப்பாட்டில் கவனமாக இருங்கள், அப்புறம் பார்ப்போம்" என்றார் மருத்துவர். எதில் கவனம் என்று கேட்பதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

மறைக்காமல் சொல்கிறேன். எழுந்ததும் ஒன்றும் சாப்பிடுவதில்லை. வேலைக்கு நடுவே க்ரீம் பிஸ்கட் ஒரு பாக்கெட், நாலு காபி, விடியற்காலையில் திரும்பும்போது பொரித்த கோழியோ சீஸ் வைத்த ஏதாவதோ. ரிப்போர்ட் வந்ததிலிருந்து முட்டையை நிறுத்திவிட்டேன். அது போதுமா? அப்பாவுக்கு 51 வயதில் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள், ஆனால் அவர் நிறைய சிகரெட் பிடிப்பவர், அதனால் அதை இதில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை.

முன்பு181:
நண்பரே, முட்டையை நிறுத்திவிட்டு பிஸ்கட்டை வைத்திருக்கிறீர்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலே செய்கிறது. ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கக் கல்லீரல் செல்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன, பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற இருவருக்கு 1985இல் நோபல் பரிசு கிடைத்ததே இந்த வகைக் கண்டுபிடிப்புக்குத்தான். நிறைவுற்ற கொழுப்பு அதிகமாகச் சாப்பிட்டால் அந்த ஏற்பிகளின் வேலை குறைந்துபோகும், எல்டிஎல் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பெரும்பாலானவர்களுக்கு முட்டையில் உள்ள கொலஸ்ட்ராலைவிட வெண்ணெய், சீஸ், பாமாயில், பேக்கரிப் பண்டங்களில் வரும் இந்தக் கொழுப்புதான் எல்டிஎல்லை ஏற்றுகிறது.

ஒரு தடவை பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். நான் சாப்பிட்டதில் மூன்று பிஸ்கட்டுக்கு 3 கிராம் நிறைவுற்ற கொழுப்பு என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. பாக்கெட்டில் 12 பிஸ்கட். எல்டிஎல் குறைக்க வேண்டியவர்கள் இந்தக் கொழுப்பை மொத்தக் கலோரியில் 6 சதவீதத்துக்குள் நிறுத்தச் சொல்கிறார்கள், 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 13 கிராம். டீ குடிக்கும் நேரத்தில் நான் அன்றைய அளவைக் கிட்டத்தட்ட முடித்திருக்கிறேன்!

அப்புறம் ஒரு தப்பு செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். கொழுப்பை எல்லாம் வெட்டிவிட்டு வெள்ளை பிரெட், ஜூஸ் என்று போனேன், எல்டிஎல் கொஞ்சம் இறங்கியது, டிரைகிளிசரைடு ஏறிவிட்டது. எடுத்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதுதான் விஷயம். ஓட்ஸ், பார்லி, பயறு வகைகள், தினமும் ஒரு கைப்பிடி பாதாம் அல்லது வால்நட், வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய் என்று மாற்றிய பிறகு மூன்று மாதத்தில் 181இலிருந்து 149க்கு வந்தது. என் விஷயத்தில் அவ்வளவுதான் இறங்கியது, உங்களுக்கு எவ்வளவு என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

ஆய்வகத்தில்14வருடம்:
பெரும்பாலான ரிப்போர்ட்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டு எழுதுவார்கள். டிரைகிளிசரைடு 190ஐ 5ஆல் வகுத்தால் 38. 248இலிருந்து எச்டிஎல் 38, இந்த 38 இரண்டையும் கழித்தால் 172. 1972இல் வந்த சூத்திரம், டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் செல்லாது. ஷிப்ட் முடிந்து பொரித்த கோழி சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்திருந்தால் டிரைகிளிசரைடு ஏறித் தெரியும், அதனால் கணக்கில் எல்டிஎல் கொஞ்சம் குறைவாகவே விழும். அடுத்த தடவை வெறும் வயிற்றில் கொடுங்கள். கூடவே தைராய்டும் பார்த்துவிடுங்கள், அது மந்தமாக இருந்தாலும் எல்டிஎல் ஏறும்.

நீங்கள் கடைசியில் சேர்க்கலாமா என்று கேட்டதைத்தான் நான் முதலில் கேட்பேன். அப்பா அல்லது சகோதரனுக்கு 55 வயதுக்கு முன் இதய நோய் வந்திருந்தால் அது கணக்கில் வரும், சிகரெட் பிடித்தவரானாலும் வரும். சுமார் 250 பேரில் ஒருவருக்குப் பிறவியிலேயே எல்டிஎல் அதிகமாக இருக்கும். 190க்கு மேல் போனால் அந்தச் சந்தேகம் வலுக்கும், உங்களுடையது அதற்குக் கீழேதான், இருந்தாலும் அப்பாவைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். லிப்போபுரோட்டீன் (ஏ) என்று எல்டிஎல் மாதிரியான ஒரு துகள் ரத்தத்தில் உண்டு, அதற்கு ஒரு பரிசோதனை இருக்கிறது, வாழ்நாளில் ஒரு தடவை செய்தால் போதும். அந்த அளவு பரம்பரையாக வருவது, சாப்பாட்டால் பெரிதாக மாறாது.

இரவுப்பணி29:
ரொம்ப நன்றி. அப்பா விஷயம் இவ்வளவு முக்கியம் என்று நினைக்கவில்லை. ஆனால் 29 வயதில் ரத்தக்குழாயில் என்ன படிந்திருக்கப் போகிறது? இன்னும் பத்து வருடம் இருக்கிறதே? காபியையும் விட வேண்டுமா?

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
தம்பி, அந்தப் பத்து வருடக் கணக்கை மட்டும் போடாதீர்கள். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களைப் பிரேதப் பரிசோதனையில் பார்த்து 1953இல் ஒரு கட்டுரை வந்தது. சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேருக்கு இதயக் குழாயில் ஏதோ ஒரு அளவில் மாற்றம் இருந்தது. எல்டிஎல் எவ்வளவு என்பதோடு எத்தனை வருடம் அப்படி இருந்தது என்பதும் சேர்ந்துதான் கணக்கு. என் கணவருக்கு 41 வயதில் அட்டாக் வந்தது, ஒல்லியான மனுஷர். முப்பதுகளில் ஒரு முறைகூடப் பரிசோதனை செய்து பார்த்ததில்லை.

காபியை விட வேண்டாம். பிரெஞ்ச் பிரஸ் மாதிரி காகித வடிகட்டி இல்லாமல் போடும் காபியில் எல்டிஎல்லை ஏற்றும் ஒரு பொருள் இறங்குகிறது, காகிதத்தில் வடித்தால் பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடும். நாலு கப்பிலும் க்ரீம் ஊற்றினால் அதையும் குறையுங்கள்.

ராத்திரி வேலை செய்பவருக்குப் பசி வரும் நேரத்தில் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். என் கணவரின் பையில் மூடி இறுக்கமான இரண்டு டப்பா வைப்பேன், ஒன்றில் வேகவைத்த பயறு, எலுமிச்சை, கொஞ்சம் மிளகு, இன்னொன்றில் நறுக்காத ஆப்பிளும் பாதாமும். முதல் வாரம் பயறு பாதி திரும்பி வந்தது. உப்பு போதவில்லையாம். வெங்காயம் நறுக்கிப் போட்டேன், காலியாக வந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகும் எண் இறங்கவில்லை என்றால் மாத்திரை என்று மருத்துவர் சொன்னால் அதைத் தோல்வி என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள் தம்பி.

இரவுப்பணி29:
அக்கா, அப்பாவுக்கு இப்போதுதான் போன் செய்தேன். அவருடைய அண்ணனுக்கும் 49இல் நெஞ்சுவலி வந்ததாம், இதுவரை வீட்டில் யாரும் என்னிடம் சொன்னதில்லை. தம்பிக்கு 24 வயது, ஒரு முறைகூட ரத்தம் பார்த்ததில்லை. சனிக்கிழமை காலை இரண்டு பேரும் வெறும் வயிற்றோடு போகிறோம். ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.