பெரிய வீட்டு வகையறா: திருக்கடையூர் முடிஞ்சு பாண்டி

வித்யா: பெரியப்பா அறுபதாம் கல்யாணம் சனிக்கிழமை காலைல திருக்கடையூர்ல, எல்லாருக்கும் தெரியும். ராத்திரி பாண்டில தங்கிட்டு ஞாயிறு சாயங்காலம் சென்னை கிளம்பலாமா? டெம்போ, 14 பேர். பாண்டி மாமா, சொல்லுங்க

கார்த்தி: பிச்சாவரம்!!!

ரமணி சித்தி: பாட்டி எப்படிடா படகுல

பாண்டி மாமா: பிச்சாவரம் வர்ற வழிதான். ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. சாப்பாடு முடிச்சு 1 மணிக்கு எடுத்தா சிதம்பரம் வரவே இரண்டரை. அங்கேருந்து கிழக்கே 15 கி.மீ. உள்ள போகணும். சனிக்கிழமைன்னா படகுக்கு வரிசை நிக்கும். மோட்டார் படகு அகலமான கால்வாயிலயே சுத்திட்டு வந்துரும். சுரபுன்னை (மாங்குரோவ்) வேருக்கு அடியில குனிஞ்சு போகணும்னா துடுப்புப் படகுதான், அதுல கூரை கிடையாது. அந்த வெயில் அக்காவுக்கு, அதான் உங்க பாட்டிக்கு, ஆகாது. முடிச்சுட்டுக் கிளம்பினா இன்னும் 65 கி.மீ.க்கு மேல. இங்க வர்றப்ப 7 தாண்டிடும், பீச் ரோட்டை அடைச்சிருப்பாங்க.

கார்த்தி: அடைக்கிறதா?

பாண்டி மாமா: சாயங்காலம் 6லேருந்து மறுநாள் காலை 7.30 வரைக்கும் கடற்கரைச் சாலைல வண்டி விடமாட்டாங்க, நடக்கிறவங்களுக்கு மட்டும்தான். ரூம் அந்த ரோட்டு மேலயா இருக்கு வித்யா?

வித்யா: ஆமா மாமா. அரவிந்தர் ஆசிரம விடுதி

பாண்டி மாமா: அப்ப 6க்கு முன்னாடி வந்து பெட்டியை இறக்கிருங்க. ராத்திரி பத்தரைக்கு கேட்டைப் பூட்டிருவாங்க. உள்ள குடி, சிகரெட் கூடாது.

சேகர் சித்தப்பா: அடப்பாவமே

ரமணி சித்தி: நல்லதாப் போச்சு 🙏

பாண்டி மாமா: சேகரு, டெம்போல ஒரு பாட்டில் கூட ஏத்தாதே. தமிழ்நாட்டு எல்லை செக்போஸ்ட்ல மாட்டினா வண்டியையே பிடிச்சு வெச்சிருவாங்க, பாட்டியும் குழந்தைங்களும் ரோட்ல நிக்கணும். மஞ்சள் போர்டு வண்டின்னா பாண்டிக்குள்ள வர பர்மிட் தனி, டிரைவரை இப்பவே கேட்டுக்கோ.

சேகர் சித்தப்பா: வண்டி வாடகையை யார் குடுக்கறான்னு முதல்ல பேசுங்க. ராமேஸ்வரம் கணக்கே இன்னும் முடியலை

கோமதி அத்தை: ஆரம்பிச்சுட்டான்

வித்யா: அது அப்புறம் சித்தப்பா. பசங்க கடல்ல குளிக்கணுமாம்

பாண்டி மாமா: காந்தி சிலை பக்கம் இறங்கவே விடாதீங்க. மணல் இருந்த கரைதான் அது. 80கள் கடைசியில அரியாங்குப்பம் ஆத்து முகத்துவாரத்துல துறைமுகத்துக்காகக் கடலுக்குள்ள சுவர் கட்டினாங்க. தெற்கேருந்து வடக்கே நகர்ற மணல் அதோட நின்னுபோச்சு, டவுன் பக்கம் கடல் அரிச்சிருச்சு. அதனாலதான் கரை நெடுக பாறை. பாசி படிஞ்சு வழுக்கும், நடுவுல கால் மாட்டினா எலும்பு போயிரும். தலைமைச் செயலகம் பக்கம் கடலுக்கடியில தடுப்பு வெச்ச பிறகு கொஞ்சம் மணல் திரும்பியிருக்கு, அங்க நின்னு பாக்கலாம், குளிக்க வேண்டாம். மணல்தான் வேணும்னா ஞாயிறு காலைல முதல் வேலையா சுண்ணாம்பாறு. கடலூர் ரோட்ல 8 கி.மீ., அங்கேருந்து படகுல பாரடைஸ் பீச். வெயில் ஏறினா கூட்டமும் ஏறிடும்.

பெரியம்மா: மணக்குள விநாயகர்?

பாண்டி மாமா: மதியம் நடை சாத்திட்டு 4க்குத்தான் திறப்பாங்க அண்ணி. காலைலயே முடிச்சுருங்க. ஆசிரமம் பக்கத்துத் தெருதான். ஆனா 3 வயசுக்குக் கீழ குழந்தையை ஆசிரமத்துக்குள்ள விடமாட்டாங்க.

வித்யா: அப்ப குட்டி?

ரமணி சித்தி: நான் வெளிய வெச்சுக்கறேன்

பெரியம்மா: லட்சுமியும் போயிருச்சு. யானை இல்லாத வாசல் 😢

பாண்டி மாமா: 2022 நவம்பர் 30. ஊரே அழுதுச்சு அண்ணி.

கார்த்தி: மதியம் சாப்பாடு? பிரெஞ்சு?

பாண்டி மாமா: கிரியோல் சமையல், அதான் பிரெஞ்சும் நம்ம ஊர் சமையலும் கலந்தது, சாப்பிட்டுப் பாரு. பிரெஞ்சுக்காரன் வடூவான்னு சொல்றது நம்ம தாளிப்பு வடகம்தான். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், மஞ்சள் பிசைஞ்சு, உருட்டி, வெயில்ல நல்லா காய வெச்சது.

கோமதி அத்தை: விளக்கெண்ணெய் விட்டியா? அது இல்லாட்டி வண்டு வரும்

ரமணி சித்தி: எங்க அம்மா நல்லெண்ணெய்தான்

கோமதி அத்தை: அதான் போன வருஷம் பூசணம் பூத்துச்சு

ரமணி சித்தி: அது மழைல நனைஞ்சது அண்ணி 😐

கார்த்தி: பாட்டிக்கு?

பாண்டி மாமா: நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸ்ல இட்லி. நீள ரொட்டி வாங்கினா அன்னிக்கே தின்னுருங்க, மறுநாள் கட்டை மாதிரி ஆயிரும்.

பாட்டி (வித்யா போன்): பாரதி வீடு பாக்கணும்

பாண்டி மாமா: ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருல இருக்கு அக்கா. 1908லேருந்து 1918 வரைக்கும் பாண்டிலதான இருந்தார். வண்டியை எங்க நிறுத்தறதுன்னு பாத்துச் சொல்றேன்.

வித்யா: ஞாயிறு காலைல சுண்ணாம்பாறு, கோயில், பாரதி வீடு... மூணும் முடியுமா?

பாண்டி மாமா: முடியாது. ரெண்டு எடு.

கார்த்தி: ஆரோவில்??

பாண்டி மாமா: அது எதிர்ப் பக்கம்டா. அங்க இருக்கற தியான மண்டபம், மாத்ரிமந்திர், உள்ள உட்காரணும்னா முன்கூட்டியே பதிவு செய்யணும். வெளிய நின்னு பாக்கறதுக்கே பார்வையாளர் மையத்துலேருந்து ஒரு கி.மீ. நடை.

சேகர் சித்தப்பா: கடை வீதிக்கு யாராவது?

கோமதி அத்தை: நான். ஞாயிறுன்னா காந்தி ரோடு பூரா சந்தை

வித்யா: சரி, பிச்சாவரம் வேண்டாம்தானே?

கார்த்தி: 😭

பெரியப்பா: என் கல்யாணத்துல தாலி எத்தனை மணிக்குன்னு யாராவது கேட்டீங்களா

வித்யா: 😂 பெரியப்பா எத்தனை மணிக்கு?