மறு: 'உறங்கும் விரிசல்' வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டுக் காங்கிரீட் தரையில் விழும் சிறு விரிசல்களைச் சரிசெய்யும் கையேட்டுக்கு, ஆங்கிலச் சொற்களுக்கு இணையான தமிழ்ச் சொற்கள் பார்த்துவருகிறோம். 'மயிரிழை விரிசல்' எல்லோருக்கும் சம்மதம், அதில் பேச ஒன்றுமில்லை. இழுபறி 'டார்மன்ட் கிராக்' (இனி மாறாமல் நின்றுவிட்ட விரிசல்), 'லைவ் கிராக்' (இன்னும் மாறிக்கொண்டிருக்கும் விரிசல்) இரண்டில்தான். 'உறங்கும் விரிசல்', 'உயிர் விரிசல்' என்று முந்தைய மடல்களில் வந்தவை எனக்கு ஒப்பவில்லை.

உறங்குவது என்றாவது விழித்துக்கொள்ளும். நாம் சொல்ல வருவதோ வேலை முடிந்துபோன விரிசலை. தளம் போட்ட முதல் சில மணி நேரத்தில், கலவையிலிருந்து மேலே ஊறிவரும் நீரைவிட வேகமாக வெயிலும் காற்றும் ஈரத்தை இழுத்துவிட்டால் மேற்பரப்பு சுருங்கி வெடிக்கும். அப்புறம் மாதக்கணக்கில் உலர உலர இன்னும் சுருங்கும். சுருக்கம் அடங்கியபின் விரிசலும் நின்றுவிடும். மழை ஓய்ந்தது, காற்று ஓய்ந்தது என்கிறோம் அல்லவா, அந்தப் பொருளில் 'ஓய்ந்த விரிசல்' என்று வைக்கலாம்.

மற்றது, அதாவது 'லைவ் கிராக்', வெயிலில் நெருங்கி, குளிரில் அகலும். அடிமண் இறங்கிக்கொண்டிருந்தாலும் அடங்காது. 'வெடிப்பு ஓடுது' என்று இங்கே பெங்களூரில் எங்கள் மேஸ்திரி சொல்வதைக் கேட்டு 'ஓடும் விரிசல்' என்று எழுதப் பார்த்தேன். ஆனால் ஓட்டம் நீளத்தைத்தான் காட்டுகிறது. நீளம் கூடாமலே வாய் திறந்து மூடுகிற விரிசலும் உண்டு. அதனால் 'அசையும் விரிசல்'.

அகலத்தையும் பெயருக்குள் கொண்டுவர வேண்டும் என்றொரு யோசனை வந்தது. வேண்டாம். காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456:2000 விரிசல் அகலம் பொதுவாக 0.3 மி.மீ. வரை இருக்கலாம் என்கிறது, ஆனால் அது கம்பி கட்டிய காங்கிரீட்டுக்கான வரம்பு. 0.2 மி.மீ. விரிசலும் அசையலாம்.

பெயர் சரியாக இருந்தால் மருந்தும் சரியாக அமையும். ஓய்ந்ததென்றால் வாயைச் சற்று வெட்டி அகலப்படுத்தி, தூசியை உறிஞ்சி எடுத்து, நீர் தேங்காமல் ஈரமாக்கி, லேட்டக்ஸ் (ரப்பர் பால் போன்ற திரவம்) கலந்த சிமெண்ட் கலவையை அழுத்தி நிரப்பலாம். மிக மெல்லியது என்றால், காய்ந்த தரையில் தண்ணீர்போல் ஓடும் எபாக்சி பிசின் தானே இறங்கும். (பசவனகுடி, மல்லேஸ்வரம் பக்கத்துப் பழைய சிவப்பு ஆக்சைடு தரைகளில் சாம்பல் சிமெண்டை அப்படியே அப்பினால் தரை முழுக்கப் பூரான் ஊர்ந்ததுபோல் இருக்கும். அதே ஆக்சைடு நிறப்பொடியைக் கலந்து, ஓரத்தில் சோதித்த பிறகே கைவைக்க வேண்டும்.) அசையும் விரிசலில் இப்படிக் கெட்டியாக நிரப்பினால் அதே இடத்திலோ பக்கத்திலோ மறுபடி வெடிக்கும். அதற்குப் பாலியூரித்தேன் போல இழுத்தால் இழுபடும் பொருள்தான் சரி. ஒரு பக்கம் மேலேறியோ கீழிறங்கியோ இருந்தால் கையேட்டை மூடிவைத்துவிட்டுப் பொறியாளரை அழைக்க வேண்டும். இந்த வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

எது எதுவென்று கண்டுபிடிக்க, விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இருபுறமும் ஒட்டித் தேதி எழுதிவைப்பார்கள். உடைந்தால் அசைகிறது என்று பொருள். இந்த 'டெல்-டேலுக்கு' ஒருவர் 'கோள்சொல்லி' என்று எழுதியிருந்தார். சிரித்தேன், ஆனாலும் 'சாட்சித் துண்டு' போதும்.

மீதமிருப்பது 'சீலன்ட்', அதாவது அசையும் விரிசலை அடைக்கும் அந்த இழுபடும் பொருள். 'அடைப்பான்' என்றால் புட்டி மூடிதான் நினைவுக்கு வருகிறது. இப்போதைக்கு 'நெகிழ் அடைப்பு' என்று எழுதியிருக்கிறேன், இதைவிடச் சுருக்கமாக இருந்தால் அனுப்புங்கள்.

அன்புடன்,
பெங்களூரிலிருந்து