கோரி சாண்டர்ஸ் தம் திறமைக்கு ஏற்ற உயரத்தை எட்டினாரா?

சாட்ஸ்வர்த்வாசி:

பிறவித் திறமையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், நம் தென்னாப்பிரிக்கா கண்ட ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர்களில் கோரி சாண்டர்ஸையே நான் முதலில் நிறுத்துவேன். ஆறடி நான்கு அங்குல உயரமும், இடக்கை ஆட்டமும், எடை குறைந்த வீரர்களிடம் மட்டுமே காணக்கூடிய கைவேகமும் ஒரே உடம்பில் சேர்வது அரிது. ஆனாலும் அவர்மேல் வைத்த நம்பிக்கையை அவர் நிறைவேற்றவில்லை என்பதே என் உறுதியான கருத்து.

1989-இல் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு வந்து 2008-இல் ஓய்ந்தவர் ஆடியவை மொத்தம் 46 சண்டைகள். 42 வெற்றி, அவற்றுள் 31 நாக் அவுட், நான்கு தோல்வி. கணக்கு கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 1998-இல் அவர் இரண்டே சுற்றில் முடித்த பாபி சிஸ் போன்ற முன்னாள் சாம்பியன்கள் குறைந்த எடைப் பிரிவுகளிலிருந்து ஏறி வந்தவர்கள், தங்கள் நல்ல காலத்தைக் கடந்தவர்கள். 1994-இல் நேட் டப்ஸிடம் இரண்டாம் சுற்றில் விழுந்ததை விபத்து என்று விட்டுவிடலாம். 2000-இல் அமெரிக்கர் ஹசிம் ரஹ்மானைத் தரையில் தள்ளிய பிறகும், மூச்சு வாங்கி ஏழாம் சுற்றில் தோற்றாரே, அதற்கு என்ன சொல்வது? பயிற்சிக்கூடத்தில் கழிய வேண்டிய காலத்தைக் கோல்ஃப் மைதானம் எடுத்துக்கொண்டது. அவர் கோல்ஃபை எவ்வளவு நேசித்தார் என்பதை அவரே ஒருபோதும் மறைத்ததில்லை.

மெரிபேங்க் ஆசிரியர்:

ஐயா, நீங்கள் அடுக்கிய சான்றுகளில் மிகப் பெரிய ஒன்று விடுபட்டிருக்கிறது. 2003 மார்ச் 8, ஜெர்மனியின் ஹனோவர் நகரம். விளாடிமிர் கிளிட்ச்கோ அப்போது 40 வெற்றிகளும் ஒரே ஒரு தோல்வியும் கொண்டவர், டபிள்யூ.பி.ஓ. என்ற அமைப்பின் உலகப் பட்டத்தை வைத்திருந்தவர், அன்றைய உச்சச் சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸுக்குப் பின் இந்தப் பிரிவை ஆளப்போகிறவர் என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருந்த இளைஞர். அவரை 37 வயது சாண்டர்ஸ் முதல் சுற்றில் இரண்டு முறை, இரண்டாம் சுற்றில் இரண்டு முறை தரையில் தள்ளினார். நடுவர் நிறுத்தியபோது இரண்டாம் சுற்று தொடங்கி அரை நிமிடம்கூடக் கடக்கவில்லை.

அந்த விளாடிமிர் பின்னர் 2006 முதல் 2015 வரை அசைக்க முடியாத சாம்பியனாக இருந்தார். வாழ்நாள் முழுவதிலும் அவரைத் தோற்கடித்தவர்கள் ஐந்தே பேர்: ப்யூரிட்டி, சாண்டர்ஸ், ப்ரூஸ்டர், ஃபியூரி, ஜோஷுவா. அந்த ஐவரில் மிக விரைவாக வேலையை முடித்தவர் நம்மவர். எதிர்பார்ப்பை நிறைவேற்றாதவர் என்று இப்படிப்பட்ட ஒருவரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஃபீனிக்ஸ் தம்பி:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். ஹனோவர் வெற்றியை யாரும் மறுக்கவில்லை. அந்த வெற்றிக்குப் பிறகு நடந்ததைத்தான் நான் கேட்கிறேன். சாண்டர்ஸ் அந்தப் பட்டத்தை ஒரு முறைகூடக் காத்து ஆடவில்லை. லாமன் ப்ரூஸ்டரைச் சந்திக்காமல் பட்டத்தை விட்டுக்கொடுத்தார். காலியான அதே பட்டத்துக்காக 2004 ஏப்ரல் 10 அன்று ப்ரூஸ்டர் விளாடிமிரையே வீழ்த்தி அதை எடுத்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து லாஸ் ஏஞ்சலஸில் சாண்டர்ஸ், விளாடிமிரின் அண்ணன் விட்டாலி கிளிட்ச்கோவிடம் எட்டாம் சுற்றில் தோற்றார். பட்டம் கைக்கு வந்த பிறகு அதை வைத்துக்கொண்டு ஆடுவதும் சாம்பியனின் கடமை அல்லவா?

டொங்காட் வாசகி:

நான் வேறொரு கேள்வியை முன்வைக்க விரும்புகிறேன். சாண்டர்ஸ் தொழிலைத் தொடங்கிய 1989-இல் இந்த நாட்டு வீரருக்கு உலகத்தின் கதவுகள் எவ்வளவு திறந்திருந்தன? இனஒதுக்கல் ஆட்சி நடந்தவரை உலகப் பட்டம் வழங்கும் பெரிய அமைப்பான டபிள்யூ.பி.சி. நம் நாட்டு வீரர்களைத் தரவரிசையில் சேர்க்கவே மறுத்தது. அந்த மறுப்பு நியாயமானது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதை முழு மனத்துடன் ஆதரித்தார்கள். 1979-இல் பிரிட்டோரியாவின் லோஃப்டஸ் வெர்ஸ்ஃபெல்ட் மைதானத்தில் நம் நாட்டு ஹெவிவெயிட் வீரர் கெரி குட்சியாவும் அமெரிக்கர் ஜான் டேட்டும் மோதியபோது, டேட் வெல்ல வேண்டும் என்று வானொலியருகே உட்கார்ந்து வேண்டிக்கொண்ட வீடுகள் நம் இந்திய வம்சாவளி மக்களிடையே பல இருந்தன. ஆனால் அந்த ஆட்சியின் தவறுக்குப் பின்னால் வந்த ஓர் இளம் வீரரும் விலை கொடுத்தார் என்பதையும் நாம் கணக்கில் எடுக்க வேண்டும். 23 வயதில் கிடைத்திருக்க வேண்டிய பெரிய எதிராளிகள் அவருக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2012 செப்டம்பரில் பிரிட்ஸ் பகுதி உணவகத்தில் கொள்ளையர் சுட்டபோது, தம் மகளை மறைத்துக் காத்த அவர், மறுநாள் இறந்தார். அந்த மனிதர்மேல் உள்ள மரியாதையும் வீரரைப் பற்றிய மதிப்பீடும் ஒன்றோடொன்று கலக்காமல் இருப்பதே அவருக்கும் நல்லது.

சாட்ஸ்வர்த்வாசி:

அக்காவின் கடைசி வரிகளை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் குட்சியாவின் பெயரைச் சொன்னதால் அங்கிருந்தே பதில் சொல்கிறேன். அதே ஒதுக்கலின் நடுவே, வலக்கையில் திரும்பத் திரும்ப அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ஆடியவர் குட்சியா. 1979-இல் டேட்டிடம் புள்ளிகளில் தோற்றார். 1980-இல் சன் சிட்டியில் மைக் வீவரிடம் 13-ஆம் சுற்றில் விழுந்தார். மூன்றாம் வாய்ப்பில், 1983 செப்டம்பரில், ஓஹாயோவில் மைக்கேல் டோக்ஸைப் பத்தாம் சுற்றில் சாய்த்து, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முதல் ஹெவிவெயிட் உலகச் சாம்பியன் ஆனார். கைவேகத்தில் அவர் சாண்டர்ஸுக்கு அருகில்கூட வரமாட்டார். தோல்வியிலிருந்து தோல்விக்கு உழைப்பைக் கூட்டியதுதான் அவருடைய பெருமை. சாண்டர்ஸோ ரஹ்மானிடம் தோற்ற பிறகு ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் மிகச் சில சண்டைகளே ஆடினார். அதே ரஹ்மான் ஓராண்டுக்குள் நம் பிராக்பன் நகரிலேயே லெனாக்ஸ் லூயிஸை ஐந்தாம் சுற்றில் வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆனதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. உடல் உறுதி மட்டும் இருந்திருந்தால் அந்த வாய்ப்பு சாண்டர்ஸின் வீட்டு வாசலுக்கே வந்திருக்கும்.

மெரிபேங்க் ஆசிரியர்:

உடல் உறுதி இல்லாதவர் என்று ஒரேயடியாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. 1997 நவம்பரில் ராஸ் ப்யூரிட்டியோடு முழுப் பன்னிரண்டு சுற்றும் ஆடிப் புள்ளிகளில் வென்றவர் சாண்டர்ஸ். அன்று அவர் வென்ற டபிள்யூ.பி.யூ. பட்டம் பெரிய அமைப்பு எதற்கும் உரியதல்ல என்பது உண்மைதான். ஆனால் ப்யூரிட்டி யார்? அடுத்த ஆண்டு டிசம்பரில் கீவ் நகரில், இளம் விளாடிமிரை அவருடைய சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னே களைக்க வைத்துப் பதினோராம் சுற்றில் நிறுத்தியவர். விளாடிமிரால் தாங்க முடியாத நீண்ட சண்டையை சாண்டர்ஸ் தாங்கி வென்றிருக்கிறார்.

பட்டத்தை விட்டுக்கொடுத்தது பற்றித் தம்பி கேட்டதும் நல்ல கேள்வியே. லூயிஸ் ஓய்வு பெற்றதால் டபிள்யூ.பி.சி. பட்டம் காலியானது, அன்று ஹெவிவெயிட்டின் உச்சம் அதுதான். 38 வயதானவருக்கு இன்னும் எத்தனை சண்டைகள் மிச்சம்? சின்ன எதிராளியை விட்டுப் பெரிய எதிராளியைத் தேடிப் போனவரை, கடமை தவறியவர் என்று சொல்வது முறையாகாது. விட்டாலியோடு ஆடிய தொடக்கச் சுற்றுகளில் அவருடைய இடக்கை பல முறை நேராகச் சென்று விழுந்ததைப் பதிவில் பாருங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் பயிற்சியாளர்:

இளைஞர்களுக்குக் குத்துச்சண்டை கற்பிப்பவன் என்ற முறையில் ஆட்டத்தின் உள்ளே இருந்து ஒன்று சொல்கிறேன். ப்யூரிட்டி பொறுத்திருந்து ஆடுபவர், முதல் சுற்றுகளில் அழுத்தமாட்டார். அவரோடு பன்னிரண்டு சுற்று ஆடுவதும், ரஹ்மான், விட்டாலி போன்றவர்களின் எதிரடியைத் தாங்கிக்கொண்டு எட்டுச் சுற்று ஆடுவதும் ஒன்றல்ல. சாண்டர்ஸின் இடக்கையிலிருந்து நேராகப் பாயும் குத்து, தோளிலிருந்து அல்லாமல் பின்காலிலிருந்து கிளம்பும். அதனால்தான் அத்தனை வேகமும் கனமும். அதைத் தவறவிடும்போது கால்களும் சேர்ந்து களைக்கும். விட்டாலி செய்தது அதுவே: தலையைப் பின்னிழுத்து அடியைக் காற்றில் வீச வைத்தார், ஐந்தாம் சுற்றுக்குள் சாண்டர்ஸின் கால்கள் கனத்துவிட்டன. இந்தக் குறையை ஓட்டப் பயிற்சி ஓரளவு சரி செய்யும். மீதியைச் சரிசெய்ய, வலுவான இணை வீரர்களோடு ஆண்டு முழுவதும் ஆடிப் பழக வேண்டும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு சண்டைக்காக மட்டும் பயிற்சிக்கூடத்துக்குள் நுழைபவருக்கு அது வராது.

ஃபீனிக்ஸ் தம்பி:

பயிற்சியாளர் அண்ணா சொன்ன பிறகு என் நிலை இன்னும் உறுதிப்படுகிறது. ஆசிரியர் ஐயா சொல்வதுபோல் ஹனோவரில் அவர் செய்ததை வேறு யாராலும் அவ்வளவு விரைவாகச் செய்ய முடியவில்லை. அதை நான் எங்கும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அவ்வளவு செய்ய முடிந்தவர் 2008-இல் ஒஸ்போர்ன் மச்சிமானாவிடம் முதல் சுற்றிலேயே விழுந்து முடித்தார் என்பதும், இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் ஒரே ஓர் உலகப் பட்டச் சண்டைதான் ஆடினார் என்பதும் அதே பதிவில்தான் இருக்கின்றன.

மெரிபேங்க் ஆசிரியர்:

42 வயதில் கிடைத்த தோல்வியை வைத்து 37 வயதின் வெற்றியை அளக்க நான் சம்மதிக்கமாட்டேன், தம்பி. அவர் இன்னும் அதிகம் செய்திருக்கலாம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை என்றால் மறுக்கிறேன். விளாடிமிர் கிளிட்ச்கோவை இரண்டு சுற்றில் முடிப்பார் என்று சண்டைக்கு முன்னால் அவரிடம் எதிர்பார்த்தவர் இந்த நாட்டில் எத்தனை பேர்?