தெரிந்தவர்கள் படித்துவிட்டால்? – சிங்கப்பூர்ப் பதிவர்களின் அனுபவங்கள்

உட்லண்ட்ஸ்வாசி

எழுத ஆசை இருந்தும் வலைப்பதிவு தொடங்காதவர்களிடம் காரணம் கேட்டால் நான்கைந்து பதில்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. வேலை முடிந்து வீடு சேரவே இரவு எட்டாகிவிடுகிறது. தமிழில் தட்டச்சு வராது. எல்லோரும் காணொளிதானே பார்க்கிறார்கள், இந்தக் காலத்தில் யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்? இவையெல்லாம் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் இவற்றுக்கு அடியில் வேறொன்று பதுங்கியிருக்கிறது என்பது என் கட்சி. யாருமே படிக்காமல் போய்விடுவார்களோ என்பதைவிட, தெரிந்தவர்கள் படித்துவிடுவார்களோ என்ற பயம்தான் பெரிது.

சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ எழுதுபவருக்கு இந்தச் சங்கடம் இவ்வளவு இருக்காது. இங்கே சிங்கப்பூரில் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடுதான். கோயில், கல்யாணம், தேக்கா சந்தை, பிள்ளைகளின் துணைப்பாட வகுப்பு என்று எங்கே போனாலும் அதே முகங்கள். முன்பின் தெரியாத வாசகர் ஒருவர் கிடைப்பதே அதிர்ஷ்டம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கல்யாண வீட்டில் மொய் உறையை வாங்கியதும் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் லேசாக அழுத்தி, உள்ளே எத்தனை தாள் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடும் ஓர் அம்மாளைப் பற்றி எழுதினேன். பெயர் இல்லை, ஊர் இல்லை, உறவுமுறைகூட இல்லை. மறுநாள் காலையில் பெரியம்மாவிடமிருந்து அழைப்பு: “என்னைப் பற்றி ஊருக்கே சொல்லிவிட்டாயே!” மாலையில் என் நாத்தனார், “எங்கள் அம்மாவை எழுதியிருக்கிறீர்கள், அண்ணி” என்று தொடங்கி, பேச்சை நிறுத்திவிட்டாள். இதற்கிடையில் தூரத்துச் சித்தப்பா ஒருவர், அது தம் மனைவிதான் என்று காப்பிக்கடையில் எல்லோருக்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் பார்த்த கல்யாணம் தஞ்சாவூரில் நடந்தது. அந்த அம்மாளுக்கும் எங்கள் குடும்பத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

தீபாவளிக்கு எல்லோரும் வந்தார்கள், முறுக்கு தின்றார்கள். நாத்தனார் மட்டும் பலகாரத் தட்டை நீட்டியபோது, “இதையும் எழுதுவீர்களா?” என்றாள். எழுதினேன்.

உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். அறிவுரை வேண்டாம், அது வேண்டிய மட்டும் கிடைக்கிறது.

நேவல்பேஸ் பையன்

வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. செம்பவாங்கின் பழைய ஆட்கள் இன்னும் என்னைப் பையன் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதனால் இந்தப் பெயர்.

என் அப்பா பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டினார். நான் வளர்ந்தது அங்கே தொழிலாளர் குடியிருப்பில். பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்த வாழ்க்கையை எழுதவேண்டும் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடியே இருந்தேன். காரணம், தகவல் போதவில்லை. தேசிய நூலகத்தின் மின்னிலக்கத் தொகுப்பில் தமிழ் முரசின் பழைய இதழ்களைப் புரட்டினேன். வாய்மொழி வரலாற்று நிலையத்தின் பேட்டிகளைக் கேட்டேன். 1968 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசாங்கம் 1971-க்குள் படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்ததிலிருந்து, அந்தப் பட்டறை செம்பவாங் ஷிப்யார்டாக மாறியதுவரை நோட்டு நோட்டாகக் குறிப்பு. எழுதாமல் இருப்பதற்கு ஆராய்ச்சியைப் போலக் கௌரவமான வழி வேறு கிடையாது. யாரும் குறை சொல்ல முடியாது, மனைவி உட்பட.

உள்ளே இருந்தது உட்லண்ட்ஸ்வாசி சொன்ன அதே பயம். எனக்குப் பத்து, பதினைந்து வயது மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் அவர்கள். நான் அங்கே கோலி விளையாடியவன். “உனக்கு என்னடா தெரியும்?” என்று ஒருவர் கேட்டுவிட்டால் முடிந்தது.

என் மகள்தான் ஒரு நாள் கேட்டாள்: “அப்பா, உங்கள் குறிப்பில் உள்ளதெல்லாம் ஏற்கெனவே நூலகத்தில் இருக்கிறது. நூலகத்தில் இல்லாதது உங்களிடம் என்ன இருக்கிறது?” கொஞ்சம் கோபம் வந்தது. அன்றிரவே எழுதினேன். பட்டறையில் சங்கு ஊதியதும் அம்மா அடுப்பில் தண்ணீர் வைப்பாள். வாசலில் வெள்ளம்போல் சைக்கிள்கள் புறப்படும். அப்பாவின் சைக்கிளுக்கு மணி கிடையாது, வாயாலேயே “ஓரம், ஓரம்” என்று சொல்லிக்கொண்டு வருவார். வெந்நீர் கொதிக்கவும் அவர் குரல் கேட்கவும் சரியாக இருக்கும். அவ்வளவுதான் பதிவு. அடிக்குறிப்பு எதுவும் கிடையாது.

பங்குனி உத்திரத்துக்கு ஈசூனில் புனிதமரம் பாலசுப்பிரமணியர் ஆலயத்துக்குப் போயிருந்தேன். இந்தக் கோயிலே நேவல்பேஸ் மரத்தடியில் தொடங்கி, பின்னால் ஈசூனுக்கு இடம் மாறியதுதான். பழைய ஆட்களை அங்கே பார்க்கலாம். அன்னதான வரிசையில் கைத்தடி ஊன்றிய பெரியவர் ஒருவர் என் முழங்கையைப் பிடித்தார். “நீதானே எழுதினவன்? கிரேன்காரர் மகன்?” பேரன் கைப்பேசியில் படித்துக் காட்டினானாம். வந்தது வினை என்று நினைத்தேன். “மணி இல்லாத சைக்கிள் உங்கள் அப்பாவுடையது மட்டுமா? பாதிப் பேருக்கு மணி கிடையாது. விளக்கு இல்லாமல் ஓட்டிப் போலீசிடம் மாட்டியதை யார் எழுதுவது?” என்று அங்கேயே ஆரம்பித்துவிட்டார். பின்னால் நின்றவர்கள் எங்களைத் தாண்டிப் போய் இலை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் பிளாஸ்டிக் பையில் தம் பழைய நுழைவு அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். தலை நிறைய முடி, அடர்ந்த மீசை, கேமராவை முறைக்கும் பார்வை. “இதைப் போடு, பெயரை மட்டும் மறைத்துவிடு. கடன்காரர்கள் யாராவது உயிரோடிருந்தால் வந்துவிடுவார்கள்” என்றார். இப்போது என் பதிவுகளில் பாதி அவர் சொல்வதுதான். நான் பயந்துகொண்டிருந்தது இந்த மனிதரைத்தான் என்று அவரிடம் சொன்னேன். “பயப்படத்தான் வேண்டும்” என்றார்.

உட்லண்ட்ஸ்வாசி

ஐயா, அந்த அட்டையின் படத்தை நானும் பார்த்தேன். மீசைக்கே தனிப்பதிவு போடலாம்.

துவாஸ் ஷிஃப்ட்

நான் சாரம் கட்டும் வேலை செய்கிறேன். தங்குவிடுதியில் ஓர் அறையில் பலர். எழுதுவதெல்லாம் வேலை முடிந்து லாரியில் திரும்பும்போது, கைப்பேசியில். ஆகவே மேசை இல்லை, அமைதியான அறை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும், மன்னிக்கவும்.

எனக்கிருந்த பயத்தை வெறும் சாக்கு என்று யாரும் சொல்லமுடியாது. முதலாளிக்குப் பிடிக்காவிட்டால் வேலை போகும், இங்கே வேலை செய்வதற்கான பெர்மிட் போகும். ஊரில் முகவருக்குக் கட்டிய கடன் அப்படியே நிற்கும். அதனால் முதலிலேயே சில வரம்புகள் வைத்துக்கொண்டேன். நிறுவனத்தின் பெயர் வராது, வேலையிடத்தின் படம் வராது, கூட இருப்பவர்களின் முகம் வராது. சம்பளத்தைப் பற்றியும் விபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருந்தால் அதற்கென்று இருக்கும் இடத்தில் போய்ச் சொல்லவேண்டும். வலைப்பதிவு அதற்கான இடமில்லை. இவ்வளவையும் தள்ளிவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்பீர்கள். நிறைய மிஞ்சும். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் பணம் அனுப்ப நிற்கும் வரிசை, விடுதிச் சமையலறையில் ஒரே அடுப்புக்கு மூன்று மாவட்டங்கள் போடும் சண்டை, மேல்கட்டிலில் படுத்தால் கூரை விளக்கு கண்ணை எவ்வளவு கூசும் என்பது.

ஒரு நாள் மேற்பார்வையாளர் கூப்பிட்டார். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். “தம்பி, மழையில் லாரியில் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு வந்ததைப் பற்றி ஒன்று படித்தேன். நீயா?” பொய் சொல்ல வாய் வரவில்லை, தலையாட்டினேன். “நன்றாக இருந்தது. ஆனால் எல்லோரிடமும் நீதான் என்று சொல்லிக்கொண்டு திரியாதே” என்றார். அதோடு போய்விட்டார். அன்று மதியம் சோறு இறங்கவில்லை. அவர் மிரட்டினாரா, காப்பாற்றினாரா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி ஊரிலிருந்து வந்தது. என் மனைவி படித்துவிட்டாள். தினமும் காணொளி அழைப்பில் சிரித்துப் பேசுகிறேன், நன்றாகச் சாப்பிட்டேன் என்கிறேன். பதிவில் பார்த்தால், காலையில் வாங்கிய சாப்பாட்டுப் பொட்டலம் மதியத்துக்குள் ஊசிப்போவது இருக்கிறது. “ஊருக்கெல்லாம் சொல்வீர்கள், எனக்குச் சொல்லமாட்டீர்களா?” என்று அழுதாள். பிறகு அவளே, “தக்காளிச் சாதம் வாங்காதீர்கள், புளிச்சோறு வாங்குங்கள், தாங்கும்” என்றாள். இப்போது வெளியிடுவதற்கு முன் அவளுக்குத்தான் அனுப்புகிறேன். சில சமயம் அவள் வெட்டிவிடுகிறாள், குறிப்பாக அவள் அம்மாவைப் பற்றி வரும் இடங்களை.

என்னைப் போன்றவர்களுக்கு ஒரு தகவல்: புலம்பெயர்ந்த ஊழியர்களுக்கான கவிதைப் போட்டி ஒன்று 2014-இல் வங்காள மொழி எழுதுபவர்களுக்காக இங்கே தொடங்கியது, பிறகு தமிழையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மேடையில் கட்டுமான ஊழியர் ஒருவர் தமிழில் வாசித்ததைக் கேட்ட பிறகுதான் எனக்கே இந்தத் துணிச்சல் வந்தது.

பழைய வாத்தியார்

தட்டச்சு வராது என்ற சாக்குக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதைக் கேட்டால் எனக்கு இரத்தக்கொதிப்பு ஏறுகிறது.

இணையத்தில் தமிழ் என்பதே சிரமப்பட்டு வந்த சொத்து, அதில் பெரும்பங்கு இந்த ஊரில் பட்ட சிரமம். தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த நா. கோவிந்தசாமியும் அவருடன் உழைத்தவர்களும் 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் இணையத்தில் ஏற்றினார்கள். நாட்டின் அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் அதைத் தொடங்கிவைத்தார். தமிழ் இணையத்துக்கென்று முதல் மாநாடு 1997-இல் இங்கேதான் கூடியது. அப்போதெல்லாம் ஒருவர் அனுப்பிய தமிழை இன்னொருவர் படிக்க, அதே எழுத்துரு அவர் கணினியிலும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் திரை முழுவதும் கேள்விக்குறியும் கொம்பும்தான். கோவிந்தசாமி 1999-இல் காலமானார். இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியில் தமிழ் தானாகவே இருக்கிறது. வாயால் சொன்னாலும் எழுதிக்கொள்கிறது. இருந்தும் தட்டச்சு வராதாம்!

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கியில் சந்திக்கும் இளைஞன் ஒருவன் இதையே சொன்னான். கீழ்த்தளக் கல்மேசையில் உட்காரவைத்து, அவன் கைப்பேசியில் தமிழ் 99 விசைப்பலகையைத் திறந்து காட்டினேன். உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம். ககரத்தை இரண்டு முறை தட்டு, புள்ளி தானாக விழுந்து ‘க்க’ ஆகும். ‘ங’ தட்டி ‘க’ தட்டு, ‘ங்க’ வரும். ‘அக்கா’, ‘தங்கை’, ‘சிங்கப்பூர்’ என்று அடித்துப் பார்த்தான். அவன் வாங்கிய தே ஓ, அதாவது பாலில்லாத தேநீர், ஆறுவதற்குள் பிடிபட்டுவிட்டது. “சரி ஐயா, இப்போது என்ன எழுத?” என்று கேட்டான் பாருங்கள், அப்போதுதான் அவனுடைய உண்மையான பிரச்சினை வெளியே வந்தது.

ஒற்றுப்பிழை வந்துவிடுமே என்று அஞ்சுபவர்களுக்கு: வரும். நான் பின்னூட்டத்தில் வந்து திருத்துவேன். அது என் வியாதி, மருந்து கிடையாது. நான் திருத்தியதால் எழுதுவதை நிறுத்தியவர் எவரும் இல்லை. என்னை வரவிடாமல் தடுத்தவர் ஒருவர் உண்டு. அவர் இன்னும் ‘வாழ்த்துகள்’ என்பதை ‘வாழ்த்துக்கள்’ என்றே எழுதிக்கொண்டிருக்கிறார், நன்றாகவே எழுதுகிறார்.

புங்கோல் அம்மா

எல்லோரும் பயத்தைத் தாண்டிய கதையாகவே சொல்கிறீர்கள். நான் கொஞ்சம் எதிர்க்கட்சி.

என் மகனுக்குப் பேச்சு தாமதமாக வந்தது. அதைப் பற்றித் தமிழில் எழுத அப்போது எனக்குத் தெரிந்து அதிகம் பேர் இல்லை. ஆங்கிலத்தில் கொட்டிக் கிடந்தது. நான் தமிழில் எழுதியதற்குக் காரணம் ஒன்றுதான்: வீட்டுப் பெரியவர்கள் படிக்கவேண்டும். பேச்சுச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் இடத்தில் ஒருநாள் வேறொரு தாய் அடையாளம் கண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அக்கா, உங்கள் பதிவை என் மாமியாரிடம் கொடுத்தேன். கோயிலுக்கு நேர்ந்துகொண்டால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், நேர்த்திக்கடனையும் விடவில்லை, இங்கே வருவதற்குச் சம்மதமும் சொல்லிவிட்டார்” என்றார். எழுதியதற்கு அதைவிடக் கூலி வேண்டாம்.

ஆனால் மகன் தொடக்கநிலை ஐந்துக்கு வந்தபோது, “அம்மா, இனி என்னைப் பற்றி எழுதாதீர்கள்” என்றான். பள்ளியில் யாரோ பார்த்திருக்கிறார்கள். அவன் பயமும் தெரிந்தவர்களைப் பற்றிய பயம்தான், இங்கே எல்லோரும் பேசுகிற அதே பயம். அதைத் தாண்டு என்று அவனிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை. அவன் முகம் தெரிகிற படங்களை எடுத்துவிட்டேன், அவனைப் பற்றிய பதிவுகளைப் பொதுப்பார்வையிலிருந்து நீக்கிவிட்டேன். இப்போது என்னைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வாசகர்கள் குறைந்துவிட்டார்கள்.

உங்கள் பயம் உங்களைப் பற்றியதா, இன்னொருவரைப் பற்றியதா என்று பாருங்கள். முதல் வகை என்றால் துணிந்து எழுதுங்கள். இரண்டாவது வகை என்றால் அந்த இன்னொருவரைக் கேளுங்கள். துவாஸ் தம்பி தம் மனைவிக்கு முதலில் அனுப்புகிறாரே, அது எனக்குப் பிடித்திருந்தது.

அங்மோகியோ, புதியவள்

இத்தனை நாளும் படித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். வாத்தியார் ஐயா சொன்ன இளைஞனைப் போல எனக்கும் “என்ன எழுத” என்பதுதான் சிக்கல் என்று நினைத்திருந்தேன். உண்மையில் எழுதியாகிவிட்டது, கணினியில் கிடக்கிறது. சிறுவயதில் அம்மாவோடு கஃப் சாலை மாவு மில்லுக்குப் போய், வறுத்த மல்லியும் மிளகாயும் அரைத்து, சூடான பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்ததைப் பற்றிய கட்டுரை. பஸ்ஸில் எல்லோரும் தும்முவார்கள், அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு எதுவும் தெரியாததுபோல் இருப்பாள். வெளியிடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் என் அக்கா. அவள் அதை வேறு மாதிரி நினைவில் வைத்திருக்கிறாள், என்னைவிடச் சத்தமாகவும் பேசுவாள்.

இன்றிரவு அவளுக்கு அனுப்பிவிட்டு நாளை வெளியிடுகிறேன். அந்த மில்லின் பழைய படம் யாரிடமாவது இருக்கிறதா? உள்ளே எடுத்த படம் என்றால் இன்னும் நல்லது. நேவல்பேஸ் ஐயா, உங்கள் கைத்தடிப் பெரியவரிடமும் கேட்டுச் சொல்லுங்கள்.