நியூட்ரலுக்கு 'விடுநிலை', ரிவர்ஸுக்குப் 'பின்னெடுப்பு'

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஓட்டுநர் பயிற்சிக் கையேட்டுக்காக நியூட்ரலை 'நடுநிலை' என்றும் ரிவர்ஸ் கியரை 'எதிர்ப்பல்லிணை' (பல்லிணை என்றால் கியர்) என்றும் சொல்லலாம் என முந்தைய மடலில் முன்மொழிந்திருந்தீர்கள். இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

'நடுநிலை' என்றதும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும் என்றுதான் புதிதாகக் கற்பவர் எண்ணுவார். உண்மையில் அந்த நிலையில் சக்கரங்களின் மேல் எஞ்சினுக்கு இருந்த பிடி முற்றிலும் விட்டுப்போகிறது. வேலூர் சத்துவாச்சாரியில் மலையடிவாரத்துச் சரிவான தெருவொன்றில், கை பிரேக் போடாமல் அப்படி விட்ட கார் தானாகவே உருளும். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் 'பகை, நொதுமல், நட்பு' என்று பகுத்த இடத்தில், பகையும் நட்பும் அல்லாத நிலையைக் குறித்து வரும் 'நொதுமல்' எனக்கு மிகவும் பிடித்த சொல்; ஆயினும் இந்த ஆபத்தை அதுவும் உணர்த்துவதில்லை. 'விடுநிலை' என்றால் பிடி விட்டது என்பது சொல்லிலேயே தெரியும். கை உடனே பிரேக்கைத் தேடும்.

'எதிர்ப்பல்லிணை' என்பது எஞ்சினே எதிர்த்திசையில் சுழல்வதாக எண்ண வைக்கிறது. எஞ்சின் என்றும் ஒரே திசையில்தான் சுழல்கிறது. கியர்பெட்டிக்குள் இரண்டு பற்சக்கரங்களுக்கு நடுவே மூன்றாவது ஒன்று புகுவதால், வெளிவரும் சுழற்சி மட்டும் திரும்பிவிடுகிறது. பல கார்களில் முன்செல்லும் கியர்களுக்கு உள்ள, பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றோடொன்று ஒத்துப்போகச் செய்யும் அமைப்பு ரிவர்ஸ் கியருக்கு இல்லாததால், வண்டி முழுவதும் நிற்காமல் போட்டால் பற்கள் உரசிக் கரகரக்கும். காட்பாடியானாலும் தோட்டப்பாளையமானாலும் வண்டியைப் 'பின்னால் எடு' என்றுதானே சொல்கிறோம்? அதிலிருந்தே 'பின்னெடுப்பு' என்று கொள்வோம். எண்ணிட்டு அழைப்பதும் உதவாது. சில கார்களில் அது முதல் கியருக்கு இடப்புறமும், சிலவற்றில் ஐந்தாவதற்குக் கீழேயும் இருக்கிறது.

ஸ்டியரிங்கை 'ஒடி' என்று ஓட்டுநர்கள் சொல்வதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். பின்னெடுக்கையில் ஒடித்த பக்கமே வண்டியின் பின்புறம் போகும். முன்மூக்கோ மறுபக்கம் அகலமாக வீசும். கண்ணாடியையும் பின்புறத்தையும் மட்டும் பார்ப்பவர், பக்கத்தில் நிற்கும் இருசக்கர வண்டியை இடிப்பது இதனால்தான். இதற்கு 'மூக்குவீச்சு' என்ற பெயரையும் கையேட்டில் சேர்க்க வேண்டுகிறேன்.

பின்னெடுப்புக்கு மாற்றும்போது சில கார்களில் கியர்க்கம்பியின் குமிழுக்குக் கீழே உள்ள வளையத்தைத் தூக்க வேண்டியிருக்கிறது. ஆரணி, ஆம்பூர்ப் பக்கத்துப் பணிமனைகளில் அந்த வளையத்துக்குத் தமிழ்ப் பெயர் ஏதும் வழங்கினால், அன்பர்கள் தெரிவிக்கவும்.